பாட்டும் பாடினோர் வாழ்வும்

ஏட்டில் எழுதப்பெற்ற இலக்கியத்திற்கு மூத்தது வாய்மொழிப் பாட்டு என்பதைத் தமிழ் பயிலும் மாணவர்க்குப் புதிதாக எடுத்துரைக்க வேண்டுவதில்லை. தொல்காப்பியச் செய்யுளியல் 'பண்ணத்தி' என்ற ஒன்றைச் சுட்டுகின்றது. சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில், ஆயர் மகளிர் கைகோத்து ஆடிப் பாடும் குரவை ஒரு தனிக் காதையாகவே அமைந்துள்ளது. அக்காதையில் மாதரி, ஆட வந்த ஏழு பெண்களுக்கும் குரல், துத்தம் என ஏழிசையின் பெயர்களையே சூட்டுகிறாள். அப்பெண்களின் சொந்தப் பெயர் என்ன, அவர்களுக்கு அப்பாட்டைக் கற்பித்தவர் யார், அதைப் பற்றி அவர்கள் என்ன எண்ணினர் என்பன நமக்குத் தெரியமாட்டா. பாட்டு நின்றது, பாடியவர் பெயர் நிற்கவில்லை. அன்று தொடங்கிய இக்குறை இன்றளவும் நீங்கவில்லை என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

மேலைநாட்டு எடுத்துக்காட்டு ஒன்றை முதலில் நோக்குவோம். அமெரிக்க நாட்டின் பாப் டிலன், 1961-ஆம் ஆண்டில் இருபது வயதும் நிரம்பாத இளைஞராக நியூயார்க் வந்தபோது, உடி கத்ரி என்னும் நாட்டுப்புறப் பாடகரைத் தேடிச் சென்றார். கத்ரி அப்போது நியூஜெர்சியில் ஒரு மருத்துவமனையில் நோயுற்றுக் கிடந்தார். டிலன் அவருடைய படுக்கையருகே அமர்ந்து, அவருடைய பாடல்களையே அவருக்குப் பாடிக் காட்டினார். 1965-இல் நியூபோர்ட் நாட்டுப்புற இசைவிழாவில் மின்கிதாரை ஏந்தி, நாட்டுப்புறப் பாட்டை ராக் இசையோடு இணைத்தபோது, இவர் மரபைக் கெடுத்துவிட்டார் என்று கூக்குரலிட்டவர் பலர். முதுமையில் தம் வாழ்வையும் இசையையும் எண்ணிப் பார்த்து 2004-இல் தன்வரலாற்று நூல் ஒன்றை வெளியிட்டார். 2016-இல் இலக்கியத்திற்கான நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. அதற்கென அவர் ஆற்றிய உரையில், பழைய நாட்டுப்புறப் பாடல்களிலிருந்தே தாம் மொழியைக் கற்றதாக எடுத்துரைத்தார். அந்நாட்டில் ஒரு பாடகர் முதியவரானால் அவருடைய நினைவுகள் நூலாகின்றன. நம் நாட்டில் நிலை யாது?

மதுரைக்கு வடமேற்கே உள்ள பரவை என்னும் ஊரின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்து நாடறியச் செய்தவர் முனியம்மா அம்மையார். கிராமத்துக் கோயில் விழாக்களிலும் மேடைகளிலும் பல்லாண்டுகள் பாடிய அவரை, 2003-இல் வெளிவந்த 'தூள்' என்னும் திரைப்படத்திற்குப் பிறகே தமிழகம் பெருமளவில் அறிந்தது. 2015-இல் அவர் நோயுற்று வறுமையில் வாடுகிறார் என்ற செய்தி வெளிவந்தது. தமிழக அரசு 6 இலட்சம் ரூபாயை வைப்புநிதியாக இட்டு, அதன் வட்டியிலிருந்து மாதந்தோறும் 6,000 ரூபாய் கிடைக்க வழிசெய்தது. 2020 மார்ச் 29-இல் அவர் மறைந்தார். சிவகங்கைச் சீமையின் கொல்லங்குடி கருப்பாயி அம்மையாரின் வரலாறும் இத்தகையதே. வானொலியில் ஒலித்த அவருடைய குரலை, 1985-இல் வெளிவந்த 'ஆண்பாவம்' திரைப்படம் எங்கும் பரப்பியது. 1993-இல் அவர் கலைமாமணி விருது பெற்றார். 2025 ஜூன் திங்களில் அவரும் மறைந்தார்.

இவ்விருவருக்கும் விருது கிடைத்தது, உதவி கிடைத்தது, மறைந்தபோது இரங்கற் செய்தியும் கிடைத்தது. இவற்றை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் எந்த வயலில், எந்த மூதாட்டியிடமிருந்து இப்பாட்டைக் கற்றீர்கள்? ஒப்பாரி பாடும்போது உங்கள் துயரமும் அதில் கலந்ததா? மேடைக்காகப் பாட்டைச் சுருக்கியபோது எவற்றை விட்டீர்கள்? பெண் பொதுமேடையில் பாடுவதை ஊரார் எவ்வாறு ஏற்றனர்? இவ்வினாக்களை நம்முள் எத்தனை பேர் இத்தகைய கலைஞர்களிடம் எழுப்பியுள்ளோம்? நாம் அவர்களைப் பாடச் சொன்னோம், பேசச் சொல்லவில்லை. பாட்டைக் கேட்டோம், பாட்டைப் பற்றிய அவர்தம் சிந்தனையைக் கேட்கவில்லை.

பாடலைத் தொகுப்பதே போதாதா எனச் சிலர் வினவலாம். தொகுப்புப் பணியில் தமிழறிஞர் ஆற்றிய தொண்டு பெரிது. பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்த 'கான்சாகிபு சண்டை' என்னும் கதைப்பாடலை 1972-இல் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. 1764-ஆம் ஆண்டு மதுரையில் ஆங்கிலேயரும் ஆற்காட்டு நவாபும் தூக்கிலிட்ட யூசுப்கான், அவர்களுடைய பதிவேடுகளில் கலகக்காரர். மக்கள் பாட்டிலோ வீரர். சம்மட்டிபுரத்தில் அவருடைய அடக்கத்தலம் இன்றும் உள்ளது. சமய வேறுபாடு கருதாது மக்கள் அவரைப் பாடினர். வென்றவர் எழுதிய வரலாற்றுக்கு மறுமொழியாகத் தோற்றவர் வரலாற்றைக் காத்தது நாட்டுப்புறப் பாட்டே. அதனைப் பாடிப் பாடிக் காத்து நம் கையில் சேர்த்த பாடகர்களுடைய வரலாற்றை எழுதுவோர் யார்? அதுவே நம் வினா.

பாட்டைப் பாடியவரோடு சேர்த்துப் பதிவு செய்யவேண்டும் என்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. நாட்டுப்புறப் பாட்டு தொழிலோடும் சூழலோடும் பிணைந்தது. 1895-இல் பெரியாற்று அணை கட்டி முடிக்கப்பட்டு அந்நீர் வையையில் கலந்தபின், மேலூர், வாடிப்பட்டி வட்டாரங்களில் நெல்வயல்கள் பெருகின. நடவு பெருகிய இடத்தில் நடவுப் பாட்டும் தழைக்கும். இன்று கமலை இறைத்த கிணற்றில் மின்மோட்டார் ஓடுகிறது. நாற்று நடவும் எந்திரம் வந்துவிட்டது. வேலை மறைந்தபின் பாட்டு மட்டும் ஏட்டில் இருந்தால், அதன் தாளம் எதற்காக அவ்வாறு அமைந்தது, எந்த இடத்தில் பாடுவோர் மூச்சு வாங்கினர், எந்தச் சொல்லால் கண்காணியைக் கேலி செய்தனர் என்பவை விளங்கா. அவற்றை விளக்கவல்லவர் அவ்வயலில் குனிந்து நின்று பாடிய முதியவர் ஒருவரே. அவர் மறைந்தால் உரையாசிரியர் இல்லாத நூல்போல் அப்பாட்டு தனித்து நிற்கும்.

நாட்டுப்புறப் பாட்டுக்கு ஆசிரியர் இல்லை. அது பொதுச்சொத்து என்பது பாடநூற் கருத்து. அது ஓரளவே உண்மை. மெட்டு பொதுவாக இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு பாடகரும் தம் வாழ்விலிருந்து சில அடிகளைச் சேர்க்கிறார். பொதுச்சொத்து என்ற பெயரால் அப்பாட்டை எடுத்தாள்வோர் பெயரும் பொருளும் பெற, பாடிக் கொடுத்தவர் 'கிராமத்துப் பாட்டி ஒருவர்' எனக் குறிக்கப்படுவது அறமாகாது.

நல்ல முன்மாதிரிகள் மதுரையிலேயே உள்ளன. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் நாட்டுப்புறக் கலைகளைக் கற்பித்த முனைவர் விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன், தம் கணவரோடு ஊர் ஊராகச் சென்று பாடல்களைத் திரட்டி, தாமும் மேடையேறிப் பாடினார். 2018-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அலங்காநல்லூர்ப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் அதே விருது கிடைத்தது. இழவுவீட்டுக் கருவி என ஒதுக்கப்பட்ட பறையை இன்று கல்லூரி மாணவர் விரும்பிக் கற்கின்றனர். இம்மாற்றத்தைத் தம் கண்முன் கண்ட கலைஞர்கள் நம்மிடையே வாழ்கின்றனர். ஒதுக்கப்பட்ட நாளையும் போற்றப்படும் நாளையும் ஒருங்கே அறிந்த அவர்தம் நினைவுகள் எந்த ஆய்வேட்டினும் விலைமதிப்புடையன.

எனவே தமிழ்த்துறைகள் தோறும் ஒரு பணி மேற்கொள்ளப்பட வேண்டும். ஒவ்வொரு மாணவரும் விடுமுறையில் தம் ஊரில் பாடவல்ல முதியவர் ஒருவரைக் கண்டு, பாட்டோடு அவருடைய பெயர், ஊர், கற்ற வழி, பாடிய சூழல், பாட்டைப் பற்றிய அவர் கருத்து ஆகியவற்றைப் பதிவு செய்தல் வேண்டும். கையடக்கத் தொலைபேசியே ஒலிப்பதிவுக் கருவியாகிவிட்ட இந்நாளில் இது அரிய செயலன்று. பதிவின் படியொன்றைப் பாடியவர்க்கே அளித்தல் வேண்டும். அவர் இசைவின்றி வெளியிடுதல் கூடாது. வெளியிடும்போது அவர் பெயரே முதலில் நிற்றல் வேண்டும். ஊர்ப் பெரியோரும் தம் இல்லத்து மூதாட்டியரின் தாலாட்டையும் திருமண வாழ்த்துப் பாட்டையும் அற்பமென எண்ணாது, மாணவர்க்கு வாயிலைத் திறந்து உதவ வேண்டும்.

விருதும் பொற்கிழியும் அரசு தரலாம். அருகே அமர்ந்து கேட்கும் செவியை நாமே தருதல் வேண்டும். ஆய்ச்சியர் குரவை பாடிய பெண்களின் பெயர்களை இனி நாம் அறிய இயலாது. நம் காலத்துப் பாடகர்களைப் பற்றியும் நாளைய தலைமுறை அவ்வாறே சொல்லுமாயின், அப்பழி தமிழ் கற்ற நம்மையே சாரும்.