ஈ-தக்சலாவ "சொப்ட்வெயார்" போட யாருக்கும் காசு கொடுக்காதீர்கள்



சென்ற வாரம் தரம் 10 பிள்ளை ஒருவரின் உம்மா லெப்டொப்போடு எங்களிடம் வந்தார். "கடையில 1,500 ரூபா குடுத்து ஈ-தக்சலாவ சொப்ட்வெயார் போட்ட சேர். டேட்டா முடிஞ்சா திறபடுதில்ல" என்றார்.

திறந்து பார்த்தோம். அது சொப்ட்வெயாரே இல்லை. கல்வி அமைச்சு மும்மொழியிலும் இலவசமாக நடத்தும் அதே இணையத்தளம்தான். குரோமில் நாலைந்து கிளிக்கில் அதைத் தனி விண்டோவாக மாற்றி, டெஸ்க்டொப்பில் ஐகன் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

செய்த வேலை நல்ல வேலைதான். அதற்குக் காசு வாங்கியதும், அது என்னவென்று அந்த உம்மாவுக்குச் சொல்லாமல் விட்டதும்தான் பிழை.

நல்ல வேலை என்று ஏன் சொல்கிறோம்? எங்கள் பெரும்பாலான வீடுகளில் ஒரே ஒரு கொம்பியூட்டர். வாப்பாவின் பேஸ்புக், தம்பியின் கேம், ராத்தாவின் யூடியூப் எல்லாம் ஒரே பிரவுசரில் வரிசையாகத் திறந்து கிடக்கும். விஞ்ஞானம் படிக்க உட்காரும் பிள்ளை அந்த வரிசையைத் தாண்டித்தான் பாடத்துக்குப் போக வேண்டும். பாதி நாள் போய்ச் சேருவதில்லை. (ஆசிரியர்களான நாங்களும் பாடக்குறிப்பு எழுத உட்கார்ந்து வேறெங்கோ போனவர்கள்தான்.) தனி விண்டோவில் டெப் இல்லை, மேலே முகவரி எழுதும் இடமும் இல்லை. ஐகனை அழுத்தினால் நேரே பாடம். "புக்மார்க் போட்டால் போதாதா?" என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். புக்மார்க் இருப்பதும் அதே பிரவுசருக்குள்தானே!

செய்யும் விதம் இதுதான். குரோமில் தளத்தைத் திறந்து, வலது மேல் மூலையிலுள்ள மூன்று புள்ளிகளை அழுத்துங்கள். "காஸ்ட், சேவ், அண்ட் ஷெயார்" என்பதற்குள் "இன்ஸ்டோல் பேஜ் அஸ் அப்" இருக்கும். எட்ஜ் பிரவுசரில் அதே மூன்று புள்ளிகளுக்குள் "அப்ஸ்" என்று தேடுங்கள். விண்டோஸ் 7 உள்ள பழைய கொம்பியூட்டருக்கு குரோம் 109க்கு மேல் வராது. அதில் "மோர் டூல்ஸ்", பிறகு "கிரியேட் ஷோர்ட்கட்" போய், "ஓபன் அஸ் விண்டோ" என்பதில் சரி போட வேண்டும். பரீட்சைத் திணைக்களத் தளத்துக்கும் இப்படியே தனி ஐகன் வைக்கலாம்.

ஆனால் இது பூட்டு அல்ல. பிள்ளை பிரவுசரைத் திறக்க நினைத்தால் திறக்கும். இன்னொன்று, அந்த விண்டோ வாப்பாவின் குரோம் கணக்கிலேயே ஓடினால், அவர் லொகின் செய்து வைத்த எல்லாம் பிள்ளைக்கும் திறந்தே இருக்கும். அதனால் முதலில் குரோமில் பிள்ளைக்கு வேறு புரொபைல் ஒன்று உருவாக்கி, அதற்குள் இன்ஸ்டோல் செய்யுங்கள். பத்து நிமிட வேலை, இதை மட்டும் தவறவிட வேண்டாம்.

டேட்டாவும் மிச்சமாகாது. ஐகன் மட்டும்தான் கொம்பியூட்டரில் இருக்கிறது, பாடம் இணையத்தில்தான் இருக்கிறது. டேட்டா இல்லாத நாளுக்கு கல்வி வெளியீட்டுத் திணைக்களத் தளத்திலிருந்து பாடப் புத்தக பீடிஎஃப்களை ஒரு தடவை இறக்கி வையுங்கள். அதுவும் இலவசம்.

வட்ஸ்அப்பில் யாரோ அனுப்பும் "கல்வி அப்" ஃபைல்களை மட்டும் தயவுசெய்து இன்ஸ்டோல் பண்ண வேண்டாம். பிரவுசர் தானாகவே செய்து தரும் வேலைக்கு, முன்பின் தெரியாத ஒருவரின் ஃபைல் எதற்கு?

சக ஆசிரியர்களிடமும் ஒரு வார்த்தை. வகுப்புக் குழுவில் தினமும் லிங்க் போட்டுக்கொண்டே இருக்கிறோம். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கால் மணி நேரம் ஒதுக்கி, இதை அவர்கள் கையாலேயே செய்ய வைத்தால் என்ன?

வீட்டில் சரிவராவிட்டால் பாடசாலை விடும் நேரம் லெப்டொப்பைக் கொண்டு வாருங்கள், செய்து தருகிறோம். சார்ஜரையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.