தனிமையில் வாடிய தாய்க்குத் தபாலில் வந்த தோழிகள்

1935-ம் ஆண்டு. அயர்லாந்து நாட்டின் ஒரு மூலையில் ஓர் இளம் தாய் வசித்து வந்தாள்.

அக்கம்பக்கத்தில் வீடு இல்லை. பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. ரேடியோ வாங்கப் பணம் இல்லை. புத்தகம் என்றால் அவளுக்கு உயிர். ஆனால் நூலகம் இல்லாததால் அதற்கும் வழி குறைவு. பகல் முழுவதும் குழந்தைகளோடு போராட்டம். இரவில் அவர்கள் தூங்கிய பிறகு கையில் தையல் துணி. கை தைக்கும், மனம் எதையாவது நினைத்து நினைத்துப் புழுங்கும்.

அவள் ஒரு கடிதம் எழுதினாள். "நர்சரி வேர்ல்டு" என்ற இங்கிலாந்துப் பத்திரிகைக்கு எழுதினாள். அது குழந்தை வளர்ப்புப் பத்திரிகை. குழந்தைக்கு என்ன கொடுக்கலாம், எப்போது தூங்க வைக்கலாம் என்பன போன்ற விஷயங்கள்தான் அதில் வரும்.

அந்தத் தாய் மருந்து கேட்கவில்லை. பண உதவியும் கேட்கவில்லை. "காசு செலவில்லாமல் மனதுக்கு வேலை கொடுக்க ஏதேனும் வழி உண்டா? எந்தத் தாயாவது எனக்கு உதவ முடியுமா?" என்ற கருத்தில் கேட்டிருந்தாள்.

கடிதத்தின் அடியில் சொந்தப் பெயர் இல்லை. "உபிக்வே" என்று புனைபெயர் போட்டிருந்தாள். அது லத்தீன் மொழிச் சொல். "எங்கும்" என்று பொருள்.

பொருத்தமான பெயர்தான்! அவளைப் போன்ற பெண்கள் எங்கும் இருந்தார்கள்.

கடிதம் அச்சில் வந்தது. பிரிட்டனின் பல பகுதிகளிலிருந்தும் தாய்மார்கள் பதில் எழுதினார்கள். "நீ மட்டும் அல்ல, நானும் இப்படித்தான் இருக்கிறேன்" என்பதே பலருடைய பதில். ஆறுதல் சொல்ல வந்தவர்களுக்கே ஆறுதல் தேவைப்பட்டது!

ஒரே ஒரு பிரதி!

அந்தத் தாய்மார்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். தங்களுக்குள்ளேயே ஒரு பத்திரிகை நடத்துவது என்பதே அந்த முடிவு. அதற்குக் "கூட்டுறவுக் கடிதச் சங்கம்" என்று பெயர் வைத்தார்கள்.

அது அச்சுப் பத்திரிகை அல்ல. கடையில் விற்கும் பத்திரிகையும் அல்ல. ஒவ்வொரு இதழுக்கும் ஒரே ஒரு பிரதிதான்!

எப்படி நடத்தினார்கள்? ஒவ்வொருத்தியும் தன் வீட்டில் உட்கார்ந்து தன் கட்டுரையை எழுதுவாள். எழுதியதை ஆசிரியைக்கு அனுப்புவாள். ஆசிரியை எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி, பூவேலை செய்த துணி அட்டை போட்டு, முதல் உறுப்பினருக்குத் தபாலில் அனுப்புவார். அவள் படித்து முடித்து அடுத்தவளுக்கு அனுப்புவாள். இப்படியே கட்டு ஊர் ஊராகப் போகும். ஒருத்தி இரண்டு நாள் தாமதித்தால் அவளுக்குப் பின்னால் இருக்கும் அத்தனை பேரும் தபால்காரரின் வழியைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

படிப்பவர்கள் சும்மா படிப்பதில்லை. பக்கத்தின் ஓரத்தில் பதில் எழுதுவார்கள். அந்தப் பதிலுக்கு அடுத்தவள் பதில் எழுதுவாள். பத்தாவது வீட்டுக்குப் போகும்போது பக்கத்தின் ஓரமே ஒரு பேச்சுக் கூடம் ஆகிவிடும்.

எல்லோருக்கும் புனைபெயர்தான். ஆசிரியையின் புனைபெயர் "அட் அஸ்ட்ரா". "விண்மீன்களை நோக்கி" என்று அர்த்தம். மற்றொருத்தியின் பெயர் "காட்டன் கூட்ஸ்". அதாவது, பருத்திச் சரக்கு! வேடிக்கைக்கும் குறைவில்லை.

பிரசவ வேதனை, நோய், போர்க்காலத் துன்பம், கணவரோடு மனஸ்தாபம், அரசியல் — எல்லாவற்றையும் எழுதினார்கள். பெற்ற தாயிடம் சொல்லத் தயங்கும் விஷயங்கள்கூட அந்தக் கட்டில் இருந்தன. வெளியார் யாரும் படிக்க முடியாது என்ற நம்பிக்கை அவர்களுக்கு இருந்தது. அந்த நம்பிக்கை இல்லாமல் உண்மையைக் கொட்ட யாருக்குத் துணிவு வரும்?

கட்டுப்பாடுகளும் இருந்தன. குழந்தை பெற்றவர்கள் மட்டுமே சேரலாம். ஒரு சமயத்தில் சுமார் 24 பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. குழந்தை இல்லாத பெண்ணுக்குத் தனிமை இல்லையா என்று கேட்டால் அந்தச் சங்கத்திடம் பதில் கிடையாது. அது ஒரு குறைதான். ஆனால் 24 என்ற கணக்கில் நியாயம் இருந்தது. ஆயிரம் பேர் சுற்றும் கட்டு யாருக்கும் போய்ச் சேராது.

இரண்டு மூன்று மாதத்தில் அலுத்துப்போகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அந்தப் பத்திரிகை 1990 வரை நடந்தது. 55 ஆண்டுகள்! இளம் தாய்மாராகச் சேர்ந்தவர்கள் பாட்டிமார்கள் ஆன பிறகும் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கட்டுகளில் பல இன்று இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஜென்னா பெய்லி என்ற ஆராய்ச்சியாளர் அவற்றைப் படித்து 2007-ல் ஒரு புத்தகமாக வெளியிட்டார்.

வேலையைப் பறித்த கல்யாணம்

"வீடு இருக்கிறது. கணவர் சம்பாதிக்கிறார். குழந்தைகள் இருக்கின்றன. இதற்கு மேல் என்ன வேண்டுமாம்?" என்று கேட்பவர்கள் அந்த நாட்டிலும் உண்டு, எந்த நாட்டிலும் உண்டு.

அவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்தச் சங்கத்தில் நன்றாகப் படித்த பெண்கள் பலர் இருந்தார்கள். அப்போது பிரிட்டனில் பெண் ஆசிரியைக்குக் கல்யாணம் ஆனால் பல ஊர்களில் வேலை போய்விடும். அரசாங்க அலுவலகத்திலும் அதே கதிதான். கழுத்தில் மாலை விழுந்த அன்றே கையிலிருந்த சம்பளம் பறிபோகும்! ஆசிரியைகளுக்கு இந்தத் தடை 1944-ல் நீங்கியது. அரசாங்க ஊழியர்களுக்கு 1946-ல் நீங்கியது. அயர்லாந்து அரசாங்க ஊழியர்களோ 1973 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பெண்ணைப் படிக்க வைப்பார்களாம். பட்டம் கொடுப்பார்களாம். பிறகு நான்கு சுவருக்குள் உட்கார வைத்து, "ஏன் முகம் வாடியிருக்கிறது?" என்று கேட்பார்களாம். என்ன நியாயம் இது?

கிளம்பியது ஒரு சர்ச்சை

போர் முடிந்தது. வேலைத் தடையும் நீங்கியது. தனிமை நீங்கியதா? இல்லை.

பிரிட்டனில் நகரங்களைச் சுற்றிப் புதுப்புதுக் குடியிருப்புகள் தோன்றின. வரிசை வரிசையாக ஒரே மாதிரி வீடுகள். காலையில் ஆண்கள் வேலைக்குப் போய்விடுவார்கள். பெண்களும் கைக்குழந்தைகளும்தான் மிச்சம். தாய் வீடு எங்கோ இருக்கும். கணவருக்கு மாற்றல் வந்தால், கஷ்டப்பட்டுப் பிடித்த ஒரு தோழியும் போய்விடுவாள்.

1960 பிப்ரவரி மாதம் "கார்டியன்" நாளிதழின் பெண்கள் பகுதியில் இதைப் பற்றி ஒரு கட்டுரை வெளிவந்தது. எழுதியவர் பெட்டி ஜெர்மன் என்ற பெண்மணி. பெயரில்தான் ஜெர்மன், ஆள் இங்கிலாந்துக்காரர். புறநகர் வாழ்க்கை உப்புச் சப்பற்றது என்று அவர் எழுதினார். அதோடு விடவில்லை. வீட்டு வேலை பெண்ணின் அறிவை மழுங்க வைக்கலாம். ஆனால் அதைத் தீட்டிக்கொள்ள வேண்டியவளும் அவள்தான் என்று ஒரு குட்டும் வைத்தார்.

வாசகிகள் சும்மா இருப்பார்களா? கடிதங்கள் வந்து விழுந்தன.

அவற்றில் ஒன்று மொரீன் நிக்கோல் என்ற இளம் தாயின் கடிதம். கணவரின் வேலை காரணமாக அவர் விரல் என்ற பகுதிக்குக் குடிவந்திருந்தார். புது இடம். தெரிந்தவர்கள் இல்லை. அவர் யாரையும் குறை சொல்லவில்லை. ஒரு யோசனை சொன்னார். "வீட்டோடு கட்டுண்டிருக்கும், பரந்த எண்ணம் கொண்ட பெண்களின் பெயர்களை நாடு முழுவதற்கும் ஒரு பதிவேட்டில் எழுதி வைத்தால் என்ன? எந்த ஊருக்கு மாறிப் போனாலும் அங்கே ஒரு தோழி கிடைப்பாளே" என்பதே யோசனை.

இரண்டு வரி யோசனைதான். அது அச்சேறியதும் அவருடைய வீட்டுக்கு நூற்றுக்கணக்கான கடிதங்கள் வந்தன. யோசனை சொன்னவர் தலையிலேயே வேலையும் விழுந்தது!

அவர் பின்வாங்கவில்லை. பெயர்களை ஊர்வாரியாகப் பிரித்தார். ஒரே ஊர்ப் பெண்களை ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்து வைத்தார். அந்தப் பெண்கள் மாலையில் யாராவது ஒருவர் வீட்டில் கூடினார்கள். ஒரு விசித்திரமான விதியும் வைத்துக்கொண்டார்கள். சமையலைப் பற்றியும் குழந்தைத் துணியைப் பற்றியும் பேசக்கூடாது! புத்தகம் பேசலாம். கல்வி பேசலாம். உலக விவகாரம் பேசலாம்.

இந்த விதியைச் சிலர் கேலி செய்தார்கள். சமையல் பேசுவது மட்டமா என்று கேட்டால், மட்டம் இல்லைதான். ஆனால் பகல் முழுவதும் உருளைக்கிழங்கோடு மல்லுக்கட்டியவளுக்கு இரவிலாவது உருளைக்கிழங்கிலிருந்து விடுதலை வேண்டாமா?

குறையும் உண்டு. "பரந்த எண்ணம் கொண்டவர்" என்று எழுதிப் போட்டவுடன் படிப்பில்லாத பெண், "இது நமக்கு அல்ல" என்று ஒதுங்கிவிடுவாள். தனிமையோ படிப்பைப் பார்த்து வருவதில்லை.

அந்தப் பதிவேடு பின்னர் தேசிய இல்லத்தரசிகள் பதிவேடு ஆயிற்று. 1987-ல் தேசியப் பெண்கள் பதிவேடு என்று பெயர் மாறியது. அதன் கதையை 1981-ல் புத்தகமாக எழுதியவர் யார் தெரியுமா? குட்டு வைத்தாரே, அதே பெட்டி ஜெர்மன்!

பக்கத்தை நடத்தியவர்

இந்தக் கதையில் இன்னொருவரைச் சொல்லாமல் விடக் கூடாது. அவர்தான் மேரி ஸ்டாட். "கார்டியன்" பெண்கள் பகுதியின் ஆசிரியை. 1957 முதல் 1972 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். அதற்கு முன்னால் ஒரு மாலைப் பத்திரிகையில் உதவி ஆசிரியையாக வேலை பார்த்தார். மேல் பதவிக்கு ஆண்தான் வரவேண்டும் என்ற காரணத்தால் 1950-ல் அந்த வேலையை இழந்தவர்.

பெண்கள் பகுதி என்றால் கோலம், குழம்பு, கூந்தல் என்று முடித்துவிடும் வழக்கம் பத்திரிகை உலகில் உண்டு. அவையும் வேண்டியவைதான். ஆனால் அவற்றை மட்டும் போட்டுவிட்டு, "பெண்களுக்கு இடம் கொடுத்துவிட்டோம்" என்று சொல்வது ஏமாற்று. மேரி ஸ்டாட் வாசகிகளின் கடிதத்தைக் கட்டுரைக்குச் சமமாக மதித்தார். யோசனை சொல்லும் கடிதத்தை மூலையில் போடவில்லை. கடிதம் எழுதியவளும் பதில் எழுதியவளும் சந்திக்க அந்தப் பக்கம் இடம் கொடுத்தது. பத்திரிகை செய்ய வேண்டிய வேலை அதுதான். கூட்டம் நடத்துவதும் கணக்கு வைப்பதும் பெண்களுக்கே தெரியும்; அவர்கள் ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்கத்தான் உதவி தேவை.

"நான் செய்து பார்த்தேன்"

1961 ஆகஸ்டு மாதம் அதே பகுதியில் இன்னொரு கடிதம் வந்தது. எழுதியவர் பெல் டுடேவ். லண்டன் நகரத்துத் தாய்.

அவருடைய சின்ன மகளைச் சேர்க்க மழலைப் பள்ளி கிடைக்கவில்லை. இருந்த பள்ளிகளில் இடம் இல்லை. புதிதாகத் திறக்கவும் வழி இல்லை. மழலைப் பள்ளிகளை விரிவுபடுத்த வேண்டாம் என்று கல்வி இலாகா 1960-ல் சுற்றறிக்கை விட்டிருந்தது.

அவர் காத்திருக்கவில்லை. பக்கத்து வீட்டுத் தாயோடு சேர்ந்து ஒரு மாதா கோவில் மண்டபத்தில் குழந்தைகளுக்கான விளையாட்டு வகுப்பைத் தொடங்கினார். "நாங்கள் செய்து பார்த்தோம். உங்கள் ஊரிலும் தொடங்க விரும்பினால் உதவுகிறேன்" என்பதுதான் கடிதத்தின் சாரம்.

மறுபடியும் கடித மழை! ஊர் ஊராக விளையாட்டு வகுப்புகள் கிளம்பின. மறு ஆண்டே, 1962-ல், அவற்றுக்கெல்லாம் ஒரு சங்கம் ஏற்பட்டது.

இதனால் இரண்டு வகைத் துணை கிடைத்தது. குழந்தைக்கு விளையாட்டுத் துணை. தாய்க்குப் பேச்சுத் துணை. வீட்டுக்குள் அடைந்து கிடந்த தாய், வகுப்பில் உதவி செய்ய வந்தாள். கணக்கு எழுதக் கற்றாள். கூட்டத்தில் எழுந்து பேசினாள். உபிக்வே கேட்ட "மனதுக்கு வேலை" இதுவல்லவா?

அரசாங்கத்தின் கடமையைத் தாய்மார்கள் தலையில் கட்டியது சரியா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். பெல் டுடேவே அதைக் கேட்டார். மழலைப் பள்ளிகள் திறக்க வேண்டும் என்று 3,000-க்கு மேற்பட்டவர்களிடம் கையெழுத்து வாங்கிக் கல்வி மந்திரிக்கு அனுப்பினார். ஒரு கையால் வகுப்பு நடத்தினார். மறு கையால் மனு எழுதினார்.

மழலைப் பள்ளிகளைப் பெருக்கப்போவதாகப் பிரிட்டிஷ் அரசாங்கம் அறிவித்தது 1972 டிசம்பரில். அப்போது கல்வி மந்திரியாக இருந்தவர் மார்கரெட் தாச்சர். டுடேவின் மண்டபத்தில் விளையாடிய குழந்தைகளுக்கு அதற்குள் மீசை அரும்பும் வயது வந்துவிட்டது.