காபி விலையில் வேர்

தமிழ்நாட்டுக் காபி உலகம் இப்போது இரண்டு கட்சிகளாகப் பிரிந்து கிடக்கிறது. ஒன்று, 'ஃபில்டர் காபிக்கு ஈடு இணை உண்டா சார்?' கட்சி. பித்தளை டபராவில் நுரை ததும்ப ஆற்றினால்தான் காபி, மற்றதெல்லாம் கஷாயம் என்பது இவர்கள் கொள்கை. இன்னொன்று, 'ஸ்பெஷாலிட்டி காபி' கட்சி. இங்கே பால் ஊற்றினால் பாவம். சர்க்கரை கேட்டால் ஜென்மப் பகை.

இரண்டு கட்சிக்கும் ஒரே ஒரு கேள்வி. நீங்கள் காபி என்று காசு கொடுத்து வாங்குவதில் காபி எவ்வளவு?

முதல் கட்சியில் பாதிப் பேருக்கு இது தெரியாது. இரண்டாம் கட்சிக்குத் தெரியும். ஆனால், கெட்டிலையும் தராசையும் பற்றிப் பேசுகிற சுவாரசியத்தில் அதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

முதலில் நம்ம கட்சியைப் பார்ப்போம். சிக்கரி என்பது காபியின் ஒரு வகை அல்ல. அது ஒரு செடியின் வேர். குஜராத்திலும் உத்தரப்பிரதேசத்திலும் விளைகிறது. வறுத்து அரைத்தால் காபித்தூள் மாதிரியே இருக்கும். டிகாக்‌ஷனைக் கறுப்பாகவும் கெட்டியாகவும் காட்டும். காபியைவிட விலை குறைவு. காஃபீன் ஒரு துளிகூடக் கிடையாது. காலையில் நம்மை எழுப்புகிற அந்த வஸ்து வேரில் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? காபி-சிக்கரி கலவையில் குறைந்தது 51 சதவிகிதம் காபி இருக்க வேண்டும். எது எத்தனை சதவிகிதம் என்று பாக்கெட்டில் அச்சடிக்கவும் வேண்டும். அதாவது, 49 சதவிகிதம் வரை வேர் இருக்கலாம். திருட்டுத்தனம் இல்லை. எல்லாம் சட்டப்படிதான். பாக்கெட்டின் முன்பக்கம் ஆவி பறக்கும் டம்ளர் பெரிதாக இருக்கும். சதவிகிதம் எங்கே இருக்கிறது என்று கண்ணாடி போட்டுத் தேட வேண்டும்.

பி.காம். படித்தவன் புத்தி, கணக்குப் போடாமல் இருக்காது. 60:40 கலவை ஒரு கிலோ வாங்கினால், வீட்டுக்கு வருவது 600 கிராம் காபி, 400 கிராம் வேர். இதே பால்காரர் லிட்டருக்கு 400 மில்லி தண்ணீர் ஊற்றினால் தெருவே கூடிவிடும். காபிக்கு மட்டும் 'ஆஹா, என்ன திக்கா இருக்கு!' என்று பாராட்டுப் பத்திரம் வாசிக்கிறோம்.

'சிக்கரி ருசி எனக்குப் பிடிக்குது சார்' என்பவர்களோடு சண்டை இல்லை. தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். எவ்வளவு என்று தெரிந்து சேருங்கள், அவ்வளவுதான். பாரம்பரியம் என்று மட்டும் சொல்லாதீர்கள். ஆ.இரா.வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' படித்தவர்களுக்குத் தெரியும், தமிழன் வீட்டுக்குக் காபி வந்ததே நேற்றைய கதை. வந்த புதிதில் பெரியவர்கள் அதைத் திட்டித் தீர்த்தார்கள். இன்று நாம் புதுக் காபியைத் திட்டுகிற அதே ராகம்தான்.

சரி, அடுத்த கட்சிக்கு வருவோம்.

சென்னையில் ஒரு கஃபேயில் நடந்த ருசி பார்க்கும் நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன். வரிசையாகக் கிண்ணங்கள். தூள்மேல் வெந்நீர் ஊற்றி, நான்கு நிமிடம் விட்டு, மேலே படிந்த ஆடையைக் கரண்டியால் விலக்கி, 'சர்ர்ர்' என்று உறிஞ்ச வேண்டும். வீட்டில் செய்தால் அம்மா தலையில் குட்டுகிற சத்தம் அது. ஒருவர் பிளம் பழம் தெரிகிறது என்றார். இன்னொருவருக்கு வெல்லம் தெரிந்தது. எனக்கு ஒரு கிண்ணத்தில் எலுமிச்சை மாதிரி ஒரு புளிப்பு நிஜமாகவே தெரிந்தது. அது பம்மாத்து இல்லை. நல்ல அராபிகாவை இளம் பதத்தில் வறுத்தால் புளிப்பு வரும். பக்கத்திலிருந்த ஒரு பெரியவர், 'கொஞ்சம் பால் கிடைக்குமா தம்பி?' என்று கேட்டார். கூட்டமே அவரைக் கொலைக் குற்றவாளி மாதிரி பார்த்தது. இந்தப் பார்வைதான் எனக்குப் பிடிக்காதது.

ருசி பார்த்து முடிந்ததும் கடை விரித்தார்கள். பறக்கும் வளையம் என்ற விளையாட்டுச் சாமானைச் செய்த அமெரிக்கர் ஆலன் ஆட்லர் 2005-ல் சந்தைக்குக் கொண்டுவந்த ஏரோபிரஸ். 60 டிகிரி கூம்பாக இருப்பதால் வி60 என்று பெயர் வாங்கிய ஜப்பான் புனல். 1933-ல் இத்தாலியில் பிறந்த மோக்கா பாட். கொக்குக் கழுத்துக் கெட்டில், கிராம் தராசு, கை அரவை மெஷின். எல்லாம் சேர்த்து வாங்கினால் பில் சுலபமாக ஐந்து இலக்கத்தைத் தொடும். கணக்குப் படித்தவன் 'தேய்மானம்' என்ற சொல்லை மறக்க மாட்டான். மூன்று மாதத்தில் இவையெல்லாம் பரணில் ரொட்டி மேக்கருக்குப் பக்கத்தில் குடியேறிவிடும்.

வேடிக்கை என்னவென்றால், கூம்புப் புனலில் நடப்பதும் நம் வீட்டு எவர்சில்வர் ஃபில்டரில் நடப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். தூள் மேல் வெந்நீர், கீழே ஓட்டை, சொட்டுச் சொட்டாகச் சாறு. அங்கே காகிதம், இங்கே துளை போட்ட தகடு. நம் ஃபில்டருக்கு மின்சாரம் வேண்டாம், காகிதம் வாங்க வேண்டாம். பாட்டி வாங்கியது பேத்திக்கும் உழைக்கும்.

ஆனால், இந்தக் கட்சி ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. அவர்கள் பாக்கெட்டைப் பாருங்கள். எந்த எஸ்டேட், என்ன ரகம், எப்படிப் பதப்படுத்தியது, எந்தத் தேதியில் வறுத்தது, எல்லாம் இருக்கும். தோட்டத்துக்காரன் பெயர் நுகர்வோருக்குத் தெரிகிறது. இது சாதாரண விஷயமில்லை. 1942-ல் காபிச் சட்டம் வந்தபிறகு, விளைந்ததையெல்லாம் காபி வாரியத்தின் பொதுக் குவியலில் கொட்ட வேண்டும் என்பதே விதி. நல்ல கொட்டையும் சுமார் கொட்டையும் ஒரே குவியலில். யார் தோட்டம் என்று கேட்கவே வழியில்லை. 1990களின் நடுவில்தான் அந்தக் கதவு முழுசாகத் திறந்தது. அதற்குப் பிறகும் நாம் கேட்காமல் இருப்பதற்கு யார்மேல் பழி போடுவது? ஏற்காட்டிலும் தாண்டிக்குடியிலும் அருமையான காபி விளைகிறது. இந்தியக் காபியில் பாதிக்கு மேல் கப்பலேறிப் போய்விடுகிறது. நாமோ இங்கே வேரைக் கரைத்துக் குடித்துவிட்டுப் பெருமை பேசுகிறோம்.

ஆகவே, கருவி வாங்குவது கடைசி. முதலில் கேள்வி கேளுங்கள். காபிப்பொடிக் கடையில் 'சிக்கரி எத்தனை பர்சென்ட்?', 'என்னைக்கு வறுத்தது?', 'எந்த ஊர்க் கொட்டை?' இந்த மூன்றும் போதும். பீபரியும் பிளான்டேஷன் ஏ-வும் பாதிக்குப் பாதி, சிக்கரி இல்லாமல் அரைத்துத் தரச் சொல்லுங்கள். ஒரு கிலோ வாங்கி டப்பாவில் அடைக்காதீர்கள். அரைத்த தூள் சில நாட்களிலேயே மணம் இழக்கும். வாரத்துக்கு 100 கிராம் வாங்குங்கள். கையில் காசு மிஞ்சினால், நல்ல அரவை மெஷின் ஒன்று மட்டும் வாங்கலாம். அதற்கு அர்த்தம் உண்டு.

செலவைப் பற்றிப் பயமா? சிக்கரி இல்லாத நல்ல எஸ்டேட் காபி 250 கிராம் 500 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். கப்புக்கு 15 கிராம் போட்டால் 16 கப் வரும். கப் 30 ரூபாய் சொச்சம். அந்தக் காபியையே கஃபேயில் உட்கார்ந்து குடித்தால் எவ்வளவு ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

பால் ஊற்றுங்கள், சர்க்கரை போடுங்கள், டபராவில் ஆற்றுங்கள். அதெல்லாம் உங்கள் இஷ்டம். கொட்டை விலை ஏறும்போதெல்லாம் மட்டும் பாக்கெட்டின் பின்பக்கத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். விலையை ஏற்றாமல் வேரை ஏற்றுவது வியாபாரத்தில் ரொம்ப சுலபமான வழி. கேள்வி கேட்டால் கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டுமே, காசு நம்முடையதுதானே!