எஞ்சின் விளக்கும் எஞ்சின் மாற்றும்

மோட்டார் வண்டியின் டேஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்று இருக்கின்றது. அதற்குச் "செக் எஞ்சின்" விளக்கு என்று பெயர். "எஞ்சினைச் சோதித்துப் பார்" என்பதுதான் அதற்கு அர்த்தமே தவிர, "எஞ்சினைக் கழற்றி எறி" என்பது அர்த்தமல்ல. அப்படியிருக்க, அவ்விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தால் "எஞ்சின் போய்விட்டது, வேறு எஞ்சின்தான் போட வேண்டும்" என்று யாதொரு சோதனையும் செய்யாமலே தீர்ப்புச் சொல்லிவிடும் பட்டறைக்காரர்கள் இருக்கின்றார்கள். வண்டிக்காரரும் ஏன், எதனால் என்று ஒரு வார்த்தை கேட்காமல் நகையை அடகு வைக்க ஓடுகின்றார். இந்த அநியாயத்தைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் எழுத முன்வந்தோம்.

நமக்குத் தெரிந்த தோழர் ஒருவர் வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவர். அவருடைய வண்டியில் இரண்டு மாத காலமாக அவ்விளக்கு எரிந்தது. மேடு ஏறும்போது வண்டி உதறியது. ஒரு பட்டறையில் பேட்டரி வயரைக் கழற்றி மாட்டி விளக்கை அணைத்து அனுப்பினார்கள். நான்கு நாளில் திரும்பவும் எரிந்தது. மற்றொரு பட்டறையில் எஞ்சின் மாற்ற ஒன்றரை லட்ச ரூபாய் கேட்டார்கள். மனைவியின் சங்கிலியை அடகு வைக்கப் போகும் வழியில் அவர் நம்மிடம் வந்தார். "வண்டி காட்டிய எண் என்ன?" என்று நாம் ஒரே ஒரு கேள்வி கேட்டோம். அவருக்குத் தெரியவில்லை. தாம் கேட்டதற்குப் பட்டறைக்காரர், "அதெல்லாம் உங்களுக்கு எதற்கு அண்ணே? நான் சொன்னால் சரியாக இருக்கும்" என்று சொல்லிவிட்டதாகச் சொன்னார்.

தோழர்களே! ஒன்றரை லட்சம் கொடுக்கிறவனுக்குக் காரணம் கேட்க உரிமையில்லையென்றால் வேறு யாருக்குத்தான் உரிமை? நிற்க.

இவ்விளக்கு எதற்காக ஏற்பட்டது என்று முதலில் பார்ப்போம். அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தார், வண்டிப் புகையால் காற்று கெடுவதைத் தடுக்கவேண்டி, வண்டி தன் கோளாறைத் தானே கண்டுபிடித்துச் சொல்ல வேண்டுமென்று 1988-ம் வருஷ மாடல் முதல் விதி செய்தார்கள். 1996-ம் வருஷ மாடல் முதல் அத்தேசத்துக் கார்களுக்கெல்லாம் இதன் இரண்டாம் முறை கட்டாயமாயிற்று. இந்தியாவில் 2010-லும், அதன் இரண்டாம் படி 2013-லும் அமுலுக்கு வந்தன. ஆகவே இவ்விளக்கு புகையைக் காவல் காக்க வந்ததேயொழிய, எஞ்சினுக்குச் சாவு ஓலை வாசிக்க வந்ததல்ல. அமெரிக்க வண்டிகளில் பெட்ரோல் டாங்கு மூடியைச் சரியாகத் திருகாவிட்டால்கூட இது எரியக்கூடும். மூடி தளர்ந்ததற்கு எஞ்சினை மாற்றுவார் உண்டா?

விளக்கு எரியும்போது வண்டியின் கம்ப்யூட்டர் ஓர் எழுத்தும் நான்கு இலக்கமும் கொண்ட ஓர் எண்ணைக் குறித்து வைக்கின்றது. ஸ்டியரிங்குக்குக் கீழேயோ அதன் பக்கத்திலோ உள்ள பதினாறு ஊசித் துளையில் ஸ்கேனரை மாட்டினால் அது தெரிந்துவிடும். அந்த நிமிஷத்தில் எஞ்சின் என்ன வேகத்தில், எவ்வளவு சூட்டில் ஓடியது என்பதுகூட அதில் பதிவாகியிருக்கும். பேட்டரியைக் கழற்றுகிறவர் வியாதியைத் தீர்க்கவில்லை, சாட்சியத்தைத்தான் அழிக்கிறார்.

நம் தோழரின் வண்டியை ஸ்கேனர் உள்ள வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். எண் பி 0301 என்று வந்தது. முதல் சிலிண்டரில் சரியாகத் தீப்பிடிக்கவில்லை என்பது அதன் பொருள். அவர் முதல் சிலிண்டரின் இக்னிஷன் காயிலை மூன்றாவதிலும், மூன்றாவதை முதலிலும் மாற்றி மாட்டி, எண்ணை அழித்து, வண்டியை ஓட்டிப் பார்த்தார். இப்போது பி 0303 என்று வந்தது. காயில் போன இடத்துக்குக் குற்றமும் கூடவே போயிற்று! ஆகவே குற்றவாளி காயில்தான் என்பது குழந்தைக்கும் விளங்கும். சில ஆயிரம் ரூபாயில் காரியம் முடிந்தது. சங்கிலி கழுத்திலேயே இருக்கின்றது.

இதற்குச் சிலர், "ஸ்கேனர் வெறும் எண்ணைத்தானே சொல்லும்? அனுபவத்துக்கு ஈடாகுமா?" என்று ஆட்சேபிக்கலாம். எண் தீர்ப்பல்ல, சாட்சிதான் என்பதை நாமும் ஒப்புக்கொள்ளுகின்றோம். பி 0171 என்றால் பெட்ரோலுக்கு அதிகமாகக் காற்று சேருகிறது என்று பொருள். அதற்குக் கிழிந்த காற்றுக் குழாயும் காரணமாகலாம், அழுக்கேறிய சென்சாரும், சோர்ந்த பெட்ரோல் பம்பும் காரணமாகலாம். பி 0420 என்றால் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லையென்று சந்தேகம். அது இருப்பது புகைக் குழாயில். புது எஞ்சினைக் கொண்டுவந்து அதே பழைய கன்வெர்ட்டரையும், சென்சாரையும், வயரையும் மாட்டினால் அதே விளக்கு திரும்பவும் எரியாதா? அப்போது எந்த எஞ்சினை மாற்றுவார்கள்?

உண்மையான அனுபவசாலி சோதனைக்குப் பயப்படமாட்டார். காயில், பிளக், இன்ஜெக்டர் எல்லாம் பார்த்தும் தீரவில்லையென்றால் கம்ப்ரஷன் அளக்க வேண்டும். ஒரு சிலிண்டரில் அழுத்தம் குறைந்திருந்தால், அதில் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடியும் அளக்க வேண்டும். அழுத்தம் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வையோ ஹெட் கேஸ்கட்டையோ சந்தேகிக்க வேண்டும். வால்வும் கேஸ்கட்டும் பழுதானாலும் பெரும்பாலும் மேல்பாகத்தைப் பிரித்துச் சரிசெய்யலாமே தவிர, முழு எஞ்சினையும் தூக்க வேண்டிய அவசியமில்லை. இவ்வளவும் பார்த்த பிறகு எஞ்சின் கெட்டதென்று ருஜுவானால் தாராளமாக மாற்றட்டும். நாம் குறுக்கே நிற்கவில்லை. ருஜு வேண்டும் என்பதுதான் நம் கட்சி.

இதைக் கேட்டுவிட்டு, "விளக்கு எரிந்தால் ஒன்றுமில்லை" என்று கறுப்புக் காகிதம் ஒட்டி மறைத்துவிட்டு ஓட்டுகிறவர்களும் நம் கட்சியாரல்லர். விளக்கு விட்டு விட்டு மின்னினால், எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் அதைப் பொசுக்குகின்றது என்று அறிந்து உடனே வேகத்தைக் குறைத்து, கூடிய சீக்கிரம் வண்டியை நிறுத்த வேண்டும். சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தாலோ, சூடு முள் ஏறினாலோ அந்த இடத்திலேயே எஞ்சினை அணைக்க வேண்டும். பயந்து பணத்தைக் கொட்டுவதும், பயமில்லையென்று கண்ணை மூடுவதும் யோசிக்காத குற்றத்தின் இரண்டு பக்கங்களேயாகும்.

ஆகையால் வண்டி வைத்துப் பிழைக்கும் தோழர்கள் இனிப் பட்டறைக்குப் போனால், எண் என்ன, அதை எந்தச் சோதனையால் உறுதி செய்தீர்கள், கம்ப்ரஷன் எவ்வளவு, கழற்றிய சாமான் எங்கே என்ற நான்கு கேள்விகளைக் கட்டாயம் கேட்க வேண்டுகின்றோம். யோக்கியமான தொழிலாளி இதற்குச் சந்தோஷமாகப் பதில் சொல்லுவார். பதில் சொல்லக் கோபப்படுகிறவரிடம் வண்டிச் சாவியைக் கொடுக்க வேண்டியதில்லை.