இலவசக் கல்வியும் பெற்றோர் செலுத்தும் இரண்டாவது கட்டணமும்

2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் கடதாசி இன்மையால் ஒத்திவைக்கப்பட்டன. வினாத்தாள் அச்சிடுவதற்குரிய கடதாசியையும் மையையும் இறக்குமதி செய்ய அந்நியச் செலாவணி இல்லை என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம். நாட்டின் பொருளாதார வீழ்ச்சிக்கு அடையாளமாக அச்செய்தி உலகெங்கும் பேசப்பட்டது. பின்னர் டொலர் நெருக்கடி ஓரளவு தணிந்தது. கடதாசியும் சந்தைக்கு வந்தது. ஆனால் பாடசாலைக்கு வேண்டிய கடதாசியை யாருடைய பணத்தில் வாங்குவது என்ற கேள்வி மாத்திரம் தீரவில்லை. கொழும்பிலுள்ள சிறிய தமிழ், முஸ்லிம் பாடசாலைகளின் அதிபர்களுக்கு அந்தக் கேள்வி 2022இல் பிறந்ததுமல்ல. பொருளாதாரம் சீராக இருந்ததாகச் சொல்லப்பட்ட ஆண்டுகளிலும் தவணை தோறும் அவர்கள் எதிர்கொண்டு வந்த கேள்வி அது.

ஒரு பாடசாலையின் ஆண்டுச் செலவை யார் ஏற்கின்றார்கள் என்பதை ஆராய்ந்தால், இலவசக் கல்வி எனப்படுவதன் ஒரு பகுதியை மட்டுமே அரசாங்கம் சுமக்கின்றது என்பது புலனாகும். ஆசிரியர் சம்பளம் திறைசேரியிலிருந்து வருகின்றது. பாடநூலும் சீருடையும் அரசாங்கத்தின் பெயரில் வழங்கப்படுகின்றன. இவற்றுக்கு அப்பால் ஒரு பாடசாலை நாளாந்தம் இயங்குவதற்குத் தேவையான பணத்தின் கணிசமான பங்கு பெற்றோரின் சட்டைப்பையிலிருந்தே பெறப்படுகின்றது. அந்தப் பங்கு எவ்வளவு என்பது எந்த வரவுசெலவுத் திட்ட உரையிலும் இடம்பெறுவதில்லை.

வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்பது பொருத்தமானது. சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான விசேட கல்விக் குழு தனது அறிக்கையை 1943இல் வெளியிட்டது. அதன் வழியாக 1945 ஒக்டோபர் முதலாம் திகதி இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1980இல் இலவசப் பாடநூல்களும் 1993இல் இலவசச் சீருடையும் அதனுடன் சேர்ந்தன. இந்நாட்டின் எழுத்தறிவு அயல்நாடுகள் வியக்கும் அளவிற்கு உயர்ந்தமைக்கு இந்தத் தொடர்ச்சியே அடிப்படை என்பதை மறுப்பதற்கில்லை.

எனினும் தமிழ், முஸ்லிம் சமூகங்களைப் பொறுத்தவரை இக்கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1892இல் சித்திலெப்பையும் வாப்பிச்சி மரிக்காரும் மருதானையில் தொடக்கிய கல்விப் பணியும், 1902இல் தோன்றிய விவேகானந்த சபையின் கல்விப் பணியும் சமூகத்தின் கொடையில் வளர்ந்தவை. வர்த்தகர்கள் காணியும் கட்டடமும் அளித்தார்கள். வசதியற்றோர் தம்மால் இயன்றதைக் கொடுத்தார்கள். 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களின் மூலம் உதவி பெறும் பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது. செலவு இனி அரசாங்கத்தினுடையது என்ற எண்ணம் அதன் பின்னர் வேரூன்றியது. சமூகத்தின் கொடை மரபும் மெல்லத் தளர்ந்தது. அரசாங்கமோ கட்டடத்தையும் ஆசிரியரையும் பொறுப்பேற்ற அளவிற்கு, அன்றாடச் செலவைப் பொறுப்பேற்கவில்லை. இவ்விரண்டிற்கும் இடையில் ஏற்பட்ட வெற்றிடத்தையே இன்றைய பெற்றோர் நிரப்பிக்கொண்டிருக்கின்றார்கள்.

பாடசாலைகளுக்குப் பணம் வந்துசேரும் பாதையும் நேரானதல்ல. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின் பின்னர் தேசிய பாடசாலைகள் மத்திய கல்வி அமைச்சின் கீழும் ஏனையவை மாகாண சபைகளின் கீழும் வந்தன. நாட்டிலுள்ள பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அரசாங்கப் பாடசாலைகளில் தேசிய பாடசாலைகள் 400 வரையிலேயே உள்ளன. எஞ்சிய அனைத்தும் மாகாணத்திற்குரியவை. மாகாணங்களின் தேவையை மதிப்பிட்டுப் பரிந்துரைக்கும் நிதி ஆணைக்குழுவில் ஐந்து உறுப்பினர்கள் உள்ளனர். மத்திய வங்கி ஆளுநரும் திறைசேரிச் செயலாளரும் பதவி வழி உறுப்பினர்கள். ஏனைய மூவரும் மூன்று பிரதான சமூகங்களைப் பிரதிநிதித்துவப்படுத்த வேண்டும் என்பது அரசியலமைப்பின் ஏற்பாடு. அப்பரிந்துரையைத் தொடர்ந்து வரும் பணம் மாகாணத்திற்கும், அங்கிருந்து வலயக் கல்வி அலுவலகத்திற்கும், இறுதியில் பாடசாலைக்கும் செல்கின்றது. கொழும்பு மாவட்டத்தில் கொழும்பு, ஸ்ரீ ஜயவர்தனபுர, ஹோமாகம, பிலியந்தலை என நான்கு கல்வி வலயங்கள் உள்ளன.

இதன் காரணமாகவே கல்விக்கான மொத்த ஒதுக்கீட்டைப் பார்த்து மகிழ்வதோ கவலைப்படுவதோ முழுமையான மதிப்பீடாகாது. 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் கல்வி அமைச்சுக்கு 271 பில்லியன் ரூபா ஒதுக்கப்பட்டது. ஆனால் மாகாணப் பாடசாலை ஆசிரியர்களின் சம்பளம் பெரும்பாலும் மாகாண சபைகளுக்கான நன்கொடையின் ஊடாக, வேறொரு அமைச்சின் கணக்கிலேயே வருகின்றது. எனவே ஒரு குறிப்பிட்ட பாடசாலைக்கு அவ்வாண்டில் எவ்வளவு கிடைத்தது என்பதை அந்த 271 பில்லியனிலிருந்து அறிய முடியாது. 2015இல் இஞ்சியோன் நகரில் கூடிய உலகக் கல்வி மாநாடு, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4 முதல் 6 வீதத்தைக் கல்விக்குச் செலவிடுமாறு கோரியது. இலங்கை நீண்டகாலமாக 2 வீதத்தை அண்டியே நின்றுவந்துள்ளது. 2012இல் பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் 6 வீதக் கோரிக்கையை முன்வைத்து ஏறத்தாழ நூறு நாட்கள் பணிப்பகிஷ்கரிப்பில் ஈடுபட்டனர். அக்கோரிக்கை நியாயமானது. ஆயினும் விகிதம் உயர்ந்தாலும், அப்பணம் சிறிய பாடசாலையின் வாசலை எட்டுமா என்பது வேறு கேள்வியாகும்.

அந்த வாசலை எட்டுவதற்கென ஒரு நல்ல முறை வகுக்கப்பட்டிருந்தது என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. 2000ஆம் ஆண்டளவில் மாணவர் ஒருவருக்கான அலகுச் செலவைக் கணித்து, தேவைக்கேற்பக் கல்வித்தர உள்ளீடுகளுக்கான பணத்தைப் பகிரும் ஏற்பாடு அறிமுகமானது. வெண்கட்டி, கடதாசி, விஞ்ஞான கூடப் பொருட்கள், நூல்கள் போன்றவற்றைத் தமது தெரிவின்படி வாங்கும் வாய்ப்பு பாடசாலைகளுக்குக் கிட்டியது. 2006இல் தொடங்கிய பாடசாலை மேம்பாட்டுத் திட்டம், பெற்றோரும் பழைய மாணவரும் திட்டமிடலில் பங்குகொள்ள வழிவகுத்தது. காகிதத்தில் இவை சிறந்தவை. நடைமுறையிலோ உள்ளீட்டுப் பணம் ஆண்டின் பிற்பகுதியில், குறைந்த தொகையாக வந்துசேர்வது அதிபர்களின் வழமையான முறைப்பாடாகும். முதலாம் தவணையில் வேண்டிய பொருளுக்கு மூன்றாம் தவணையில் பணம் கிடைக்கின்றது. அது நிதியாண்டு முடிவதற்குள் செலவிடப்படவும் வேண்டும். அவசரத்தில் வாங்கப்படும் பொருள் தேவையான பொருளாக இருப்பதில்லை.

இந்த இடைவெளியில்தான் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் நுழைகின்றது. அதிபரைத் தலைவராகக் கொண்ட இச்சங்கத்தில் பெற்றோரும் ஆசிரியரும் உறுப்பினர்கள். பெற்றோரிடம் பணம் அறவிடுவதைக் கட்டுப்படுத்தும் சுற்றுநிருபங்கள் காலத்திற்குக் காலம் வெளிவந்துள்ளன. இருப்பினும் போட்டோ பிரதி, மின்விசிறி, சுத்திகரிப்புத் தொழிலாளியின் கொடுப்பனவு, விளையாட்டுப் போட்டி, மலசலகூடத் திருத்தம் என்று தேவைகள் வந்து நிற்கும்போது, சங்கத்தை விட்டால் அதிபருக்கு வேறு வழியில்லை. பணம் கேட்காத அதிபர் பாடசாலையை நடத்த முடியாது. கேட்கும் அதிபர் சுற்றுநிருபத்தை மீறியவராகின்றார். நேர்மையான ஒருவரை இத்தகைய நிலையில் நிறுத்திவிட்டு, ஊழலைப் பற்றி மாத்திரம் பேசுவது நியாயமாகாது. அதேவேளை, கணக்கு காட்டப்படாத அறவீடுகளும் அனுமதிக்காகக் கைமாறும் பணமும் இந்த மறைவிலேயே வளர்கின்றன என்பதையும் சொல்லாமல் விட முடியாது.

இதன் விளைவை ஓர் எளிய கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். பெற்றோர் ஒவ்வொருவரும் பிள்ளைக்கு ஆண்டொன்றுக்கு ஆயிரம் ரூபா தருவதாக வைத்துக்கொள்வோம். 3,000 மாணவர் பயிலும் பாடசாலைக்கு 30 இலட்சம் ரூபா சேரும். 300 மாணவர் பயிலும் பாடசாலைக்கு 3 இலட்சமே சேரும். ஆனால் கூரை ஒழுகினால் திருத்தும் கூலியோ, பிரதி இயந்திரத்தின் விலையோ பத்திலொன்றாகக் குறைவதில்லை. பெரிய பாடசாலைக்கு இலண்டனிலும் டொரன்டோவிலும் பழைய மாணவர் சங்கக் கிளைகள் இருக்கும். சிறிய பாடசாலையின் பழைய மாணவரோ அதே தெருவில் நாளாந்தக் கூலிக்கு உழைப்பவராக இருப்பார். வெள்ளவத்தைத் தொடர்மாடியில் வெளிநாட்டு உறவினரின் உதவியுடன் வாழும் குடும்பத்திற்கு ஆயிரம் ரூபா பெரிதல்ல. கொட்டாஞ்சேனையிலோ முகத்துவாரத்திலோ மட்டக்குளியிலோ துறைமுகத்தையும் சிறு கடைகளையும் நம்பி வாழும் குடும்பத்திற்கு, மூன்று பிள்ளைகள் இருந்தால் அது ஒரு வார உணவுச் செலவின் பெரும் பங்காகும்.

2022ஆம் ஆண்டின் பின்னர் இந்தச் சுமை மேலும் கனத்தது. மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதத்தாலும் 2023 பெப்ரவரியில் 66 வீதத்தாலும் உயர்த்தப்பட்டது. பொருளாதார நெருக்கடியின் தாக்கம் குறித்துத் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2023இல் நடத்திய ஆய்வில், கல்வி பயிலும் வயதினரில் பாதிக்கும் மேற்பட்டோரின் கல்வி பாதிக்கப்பட்டமை தெரியவந்தது. பாடசாலை உபகரணங்கள் வாங்குவதைக் குறைத்தல் அல்லது நிறுத்துதல் பல குடும்பங்களின் முதல் நடவடிக்கையாக இருந்தது. சீருடைத் துணிக்குச் சீனாவின் நன்கொடையை நம்ப வேண்டியேற்பட்டது. 2023இல் நாட்டின் தேவையில் 70 வீதத்தை அந்நாடு வழங்கியது. 2025இல் முழுத் தேவையையுமே வழங்கியது. வறிய மாணவருக்குக் காகிதாதிகள் வாங்க 6,000 ரூபா வழங்கும் திட்டம் 2025ஆம் கல்வியாண்டிற்கென அறிவிக்கப்பட்டது. அஸ்வெசும பெறும் குடும்பங்களுடன், மாணவர் தொகை 300க்குக் குறைந்த பாடசாலைகளும் அதில் கருத்திற் கொள்ளப்பட்டமை வரவேற்கத்தக்கது. ஆனால் அது பிள்ளையின் கொப்பிக்கான உதவி. பாடசாலையின் பற்றாக்குறைக்கான பதில் அல்ல.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் ஏறத்தாழ 13,000 பாடசாலை மாவட்டங்கள் உள்ளன. சிறு நகரங்கள்கூடத் தமக்கெனத் தெரிவுசெய்யப்பட்ட கல்விச் சபையைக் கொண்டுள்ளன. ஆண்டு வரவுசெலவுத் திட்டம் பொதுமக்கள் முன் வைக்கப்பட்டு விவாதிக்கப்படுகின்றது. நியூயோர்க் மாநிலத்தின் பெரும்பாலான மாவட்டங்களில் ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் அதற்கு வாக்கெடுப்பே நடைபெறுகின்றது. ஒரு பேருந்தை நிறுத்துவதா, சங்கீத ஆசிரியரை நீக்குவதா என்பதைப் பெற்றோர் இலக்கங்களுடன் வாதிட முடிகின்றது. அதேவேளை, அம்முறை உள்ளூர் ஆதனவரியைப் பெரிதும் நம்பியிருப்பதால் செல்வந்தப் பகுதியின் பாடசாலை செழிக்கவும் வறிய பகுதியின் பாடசாலை வாடவும் நேர்ந்தது. டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில் வறிய பகுதிப் பெற்றோர் தொடுத்த வழக்கை 1973இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் நிராகரித்தது. அவர்களிடமிருந்து நாம் கற்க வேண்டியது கணக்கின் வெளிப்படைத்தன்மை. தவிர்க்க வேண்டியது பிரதேசத்தின் செல்வத்தைப் பொறுத்துப் பாடசாலையின் தரம் அமைவது. கவலைக்குரிய விடயம் யாதெனில், சட்டத்தில் எழுதாமலே அந்த இரண்டாவதை நாம் பெற்றுக்கொண்டுள்ளோம். முதலாவதை இன்னும் பெறவில்லை.

வெளிப்படைத்தன்மை பற்றிப் பேசும்போது மாகாண சபைகளின் நிலையையும் நோக்க வேண்டும். மேல் மாகாண சபைக்கு 2014 மார்ச்சில் தேர்தல் நடைபெற்றது. அதன் பதவிக்காலம் 2019 ஏப்ரலில் முடிவுற்ற பின்னர், தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர்கள் இன்றியே ஆளுநரின் கீழ் மாகாணக் கல்விப் பணம் பல ஆண்டுகளாக நிர்வகிக்கப்பட்டு வந்தது. எமது வலயத்திற்கு ஏன் குறைந்தது என்று கேள்வி எழுப்ப ஒரு தமிழ் உறுப்பினரோ முஸ்லிம் உறுப்பினரோ சபையில் இல்லாத நிலை ஏற்பட்டது. மாகாணத் தேர்தலை அதிகாரப் பகிர்வின் சின்னமாக மாத்திரம் பேசுவோர், அது ஒரு பாடசாலையின் மலசலகூடத்துடனும் தொடர்புடையது என்பதை மறந்துவிடலாகாது.

ஆகவே செய்யப்பட வேண்டியவை சில உள்ளன. ஒவ்வொரு பாடசாலைக்கும் கிடைத்த ஒதுக்கீட்டை வலயக் கல்வி அலுவலகம் ஆண்டுதோறும் பட்டியலிட்டுத் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிட வேண்டும். தர உள்ளீட்டுப் பணம் முதலாம் தவணைக்குள் வழங்கப்பட வேண்டும். மாணவர் தொகையுடன் குடும்பங்களின் வறுமையும் சிறிய பாடசாலைகளின் நிலையான செலவும் பகிர்வில் கணக்கிலெடுக்கப்பட வேண்டும். அபிவிருத்திச் சங்கத்தின் வரவையும் செலவையும் தவணைதோறும் அறிவித்தல் பலகையில் ஒட்ட வேண்டும். பணம் கட்டாத பிள்ளையின் பெயர் வகுப்பறையில் ஒருபோதும் உச்சரிக்கப்படலாகாது.

பெற்றோருக்கும் கடமை உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ளது. எந்தவொரு பிரஜையும் தனது பிள்ளையின் பாடசாலைக்குக் கிடைத்த பணத்தின் விபரத்தை எழுத்தில் கோரலாம். சங்கக் கூட்டத்திற்குச் சென்றால் பணம் கேட்பார்கள் என்று அஞ்சி ஒதுங்கும் பெற்றோரே கேள்வி கேட்க வேண்டியவர்களும் ஆவர். வசதி படைத்த பழைய மாணவர் சங்கங்களும் ஆலய அறங்காவலர்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் தமது பெயர் பொறித்த மண்டபத்தை இன்னொரு பெரிய பாடசாலையில் எழுப்புவதற்கு முன்னர், அயலிலுள்ள சிறிய பாடசாலையின் பிரதி இயந்திரத்தையும் கூரையையும் ஒருமுறை பார்க்க வேண்டும். எமது முன்னோர் 1892இலும் 1902இலும் அதைத்தான் செய்தார்கள்.

ஆனால் சமூகத்தின் கொடை அரசாங்கத்தின் கடமைக்கு மாற்றாகிவிடக் கூடாது. 1945இல் அளிக்கப்பட்ட வாக்குறுதி ஆசிரியரின் சம்பளத்தோடு நின்றுவிடுவதன்று. கொட்டாஞ்சேனையில் கூலித் தொழிலாளியின் பிள்ளை எழுதும் தவணைப் பரீட்சையின் வினாத்தாளும் அந்த வாக்குறுதிக்குள் அடங்கும். அடுத்த வரவுசெலவுத் திட்டம் முன்வைக்கப்படும்போது, கல்விக்கு எத்தனை பில்லியன் என்பதோடு, அதில் எத்தனை ரூபா ஒரு பாடசாலையைச் சென்றடையும், எப்போது சென்றடையும் என்பதையும் தமிழ், முஸ்லிம் மக்கள் பிரதிநிதிகள் பாராளுமன்றத்தில் கேட்டுப் பதில் பெற வேண்டும்.