சுழல்: சக்கரையும் நந்தினியும்

ரொம்ப லேட்டாகத்தான் பார்த்தேன். 'சுழல்' முதல் சீசன் அமேசான் பிரைமில் வந்தது 2022 ஜூனில். இப்போது செமஸ்டர் லீவில் பொள்ளாச்சிக்கு வந்தபோதுதான் எட்டு எபிசோடையும் மூன்று ராத்திரியில் முடித்தேன். பக்கத்தில் அமுச்சி. (நடுவில் கேள்வி கேட்கக் கூடாது என்று கண்டிஷன் போட்டிருந்தேன். ஒரு நிமிஷம்கூட மதிக்கவில்லை.) குற்றவாளி யார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கதை ஒன்றுமே தெரியாமல் பார்க்க நினைப்பவர்கள் இங்கேயே கழன்றுகொள்ளலாம்.

நம்ம துப்பறியும் கதைகளில் பெரும்பாலும் இரண்டு பேர் ஜோடியாகத்தான் வருவார்கள். சுஜாதாவுக்கு கணேஷ், வசந்த். நம்ம கோயம்புத்தூர் ராஜேஷ்குமாருக்கு விவேக், ரூபலா. பட்டுக்கோட்டை பிரபாகருக்கு பரத், சுசீலா. கணேஷ் நிதானமாக யோசிப்பார், வசந்த் பெண்களைப் பார்த்து ஜொள்ளு விடுவான். ஒட்டாத ரெண்டு பேரை ஒட்டவைப்பதில் கிடைக்கிற ஜாலி அது. ஆனால் செத்தது யாரோ, அழுவது யாரோ. இவர்கள் வெளியிலிருந்து வந்து கண்டுபிடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

சுழலில் அப்படி யாரும் வெளியில் இல்லை. எனக்குப் பிடித்ததே அதுதான். புஷ்கர்-காயத்ரி எழுதி, பிரம்மாவும் அனுசரணும் இயக்கியது. கதை நடக்கும் சாம்பலூர் ஒரு கற்பனை ஊர். அங்கே ஒரு சிமெண்ட் ஃபேக்டரி, ஸ்ட்ரைக், மயானக் கொள்ளைத் திருவிழா. ஃபேக்டரி தீப்பிடிக்கிற ராத்திரி யூனியன் தலைவர் சண்முகத்தின் (பார்த்திபன்) சின்னப் பெண் நிலா காணாமல் போகிறாள். விசாரிப்பது இன்ஸ்பெக்டர் ரெஜினா (ஸ்ரேயா ரெட்டி), கூடவே சப்-இன்ஸ்பெக்டர் சக்கரை என்கிற சக்கரவர்த்தி (கதிர்). அவளுக்கும் சண்முகத்துக்கும் ஏற்கனவே ஆகாது. போகப் போக ரெஜினாவின் மகனே இந்த விஷயத்தில் இருக்கிறான் என்று தெரிகிறது. அதோடு முதல் ஜோடி உடைகிறது. அந்த இடத்துக்கு வருவது நிலாவின் அக்கா நந்தினி (ஐஸ்வர்யா ராஜேஷ்), வீட்டோடு ஒட்டாமல் விலகிப் போனவள்.

இந்த இரண்டாவது ஜோடிதான் நிஜமான பொருத்தமில்லாத ஜோடி. சக்கரையிடம் யூனிஃபார்ம் இருக்கிறது, ஜீப் இருக்கிறது. எதையும் போய்க் கேட்கலாம். ஆனாலும் அவன் கடைசி வரை தப்பான ஆட்களின் பின்னாலேயே ஓடுகிறான். ஒவ்வொரு எபிசோட் முடிவிலும் ஒரு புது ஆள் மேல் சந்தேகம். (இது எனக்கு அலுத்துவிட்டது. ரெண்டு எபிசோடைத் தாராளமாக வெட்டியிருக்கலாம்.) நந்தினியிடம் அதிகாரம் என்று எதுவும் கிடையாது. சின்ன வயதில் தனக்கு நடந்ததை யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறாள், அவ்வளவுதான். ஆனால் வழக்கின் சாவி அங்கேதான். கைரேகையும் செல்போன் டவரும் பிடிக்க முடியாததை, ஒருத்தி வாயைத் திறந்தால்தான் பிடிக்க முடியும்.

இதை ஏன் இவ்வளவு சீரியஸாக எழுதுகிறேன் என்றால், என் ஊர் பொள்ளாச்சி. முன்னெல்லாம் வெளியூரில் ஊர்ப் பெயர் சொன்னால் 'தேவர் மகன் எடுத்த ஊர்தானே' என்பார்கள். 2019க்குப் பிறகு ஹாஸ்டலில் சொன்னால் ஒரு நொடி அமைதி, அப்புறம் 'ஓ, அந்த கேஸ்...' என்பார்கள். அந்த வழக்கும் பெரிய துப்பறியும் மூளையால் வெளியே வரவில்லை. அந்த வருஷம் பிப்ரவரியில் ஒரு பெண் வீட்டில் சொன்னாள், வீட்டில் நம்பினார்கள், புகார் கொடுத்தார்கள். அதற்கு அவளுக்குக் கிடைத்தது என்ன? ரகசியமாக வைத்திருக்க வேண்டிய அவள் அடையாளத்தை போலீஸ் அதிகாரியே பத்திரிகைக்காரர்கள் முன்னால் சொன்னார். அவளுடைய சக்கரை அவ்வளவுதான்! அப்புறம் சிபிசிஐடி, சிபிஐ என்று போய், 2025 மே 13ஆம் தேதி கோவை மகளிர் கோர்ட் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கொடுத்தது. ஆறு வருஷத்துக்கு மேல் ஆகியும் சாட்சிகளில் ஒருவர்கூட பல்டி அடிக்கவில்லை. இதில் துப்பறிந்தது யார் என்று கேட்டால் நான் அந்தப் பெண்களைத்தான் சொல்வேன்.

அதனாலேயே சுழலின் முடிவு எனக்கு உறுத்தியது. நந்தினி அத்தனையும் சொன்ன பிறகும் அவளே துப்பாக்கியை எடுக்க வேண்டியிருக்கிறது. 2025 பிப்ரவரியில் வந்த இரண்டாவது சீசன் தொடங்கும்போது அவள் ஜெயிலில் இருக்கிறாள், சக்கரை வெளியே இருக்கிறான். அவன் நல்லவன்தான், அவளுக்காக அலைகிறான், மறுக்கவில்லை. ஆனால் ஒரே வழக்கை ரெண்டு பேரும் சேர்ந்து முடித்தார்கள், விலை கொடுத்தது ஒருத்தி மட்டும். கணேஷும் வசந்தும் கேஸ் முடிந்து ஆபீசுக்குத் திரும்புகிற மாதிரி நந்தினிக்குத் திரும்ப இடம் இல்லை. எழுதியவர்கள் இதை உணர்ந்துதான் வைத்தார்களா, இல்லை இரண்டாவது சீசனுக்கு ஒரு கொக்கி வேண்டும் என்று வைத்தார்களா என்று இன்னும் சந்தேகமாகவே இருக்கிறது. பாதி பாதி என்று வைத்துக்கொள்கிறேன்.

கடைசி எபிசோட் முடிந்து டிவியை அணைக்கப் போனபோது அமுச்சி கேட்டார், "ஏங்கண்ணு, அந்தப் புள்ள அன்னைக்கே ஊட்டுல யாருகிட்டயாச்சும் சொல்லிப்போட்டிருந்தா?"

"சொல்லியிருந்தா நீங்க நம்பியிருப்பீங்களா அமுச்சி?"

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அந்த ரெண்டாவதையும் போடு, அந்தப் புள்ள வெளிய வந்தாளான்னு பாப்போம்" என்றார். மணி அப்போது பன்னிரண்டரை.