தாகத்தில் மரம் விடும் மூச்சு

2019 கோடையில் சென்னையில் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தோமே, அப்போது எங்கள் தெரு அரசமரமும் வாடி நின்றது. நிழல்தானே என்று மத்தியானம் பையனை அங்கே விளையாட விட்டேன். ராத்திரி இழுப்பு!

"மத்தியான வெயில்ல விடாதீங்கம்மா, காத்துல ஓஸோன் ஏறியிருக்கும்" என்றார் டாக்டர்.

பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். சூட்டைத் தாங்க அரசமரம் ஐஸோப்ரீன் என்ற ஆவியை விடுகிறது. வறட்சியின் ஆரம்பத்தில், சூடு ஏற ஏற அதிகமாகவே வருமாம். தாகம் முற்றினால்தான் குறையும். அதோடு வண்டிப் புகையும் வெயிலும் சேர்ந்தால் ஓஸோன். தண்ணீர் குடித்த மரமென்றால் இலைத் துளை வழியே ஓஸோனைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். காய்ந்த மரம் துளையை மூடிக்கொள்கிறதே, பாவம்!

மரத்தைத் திட்டி என்ன பயன், புகை நம்ம வண்டியோடதுதானே? இப்போது கோடையில் விளையாட்டெல்லாம் காலையிலேயே. அரிசி களைந்த தண்ணீர் அரசமரத்தடிக்கு.